என் தம்பி குளத்தில் இறங்கிய நாள்

என் தம்பிக்கு எல்லாவற்றுக்கும் பயம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நான் துணி தைப்பவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வெட்டுவதற்கு முன் இரண்டு முறை அளப்பவர்களை எனக்குப் பிடிக்கும். என் தம்பி மூன்று முறை அளப்பான்.

சின்ன வயதில் படியேறும்போது சுவரைத் தடவிக்கொண்டேதான் ஏறுவான். தெருவில் நடந்தாலும் அப்படித்தான். அதனால் பிள்ளைகள் அவனுக்குச் சுவரொட்டி என்று பெயர் வைத்தார்கள். ஆறு வயதில் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தான். நான்தான் காலரைப் பிடித்து இழுத்தேன். அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும் இடத்தில் அவன் கால் வைத்ததில்லை. இப்போது நாற்பத்தேழு வயது. பல் தேய்க்கும்போதுகூடக் குழாயைக் கொஞ்சமாகத்தான் திறப்பான்.

வண்டி ஓட்டும் தேர்வில் மூன்று தடவை தோற்றான். "இலை விழுந்தாக்கூட பிரேக் போடறியேப்பா, உனக்கு எதுக்கு ஸ்டியரிங்?" என்று அதிகாரி கேட்டாராம். நான்காம் தடவை எப்படியோ தேறினான். பிறகு பதினோரு வருடம் மருந்துக் கம்பெனி வண்டி. பின்னால் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றுகூட உடையவில்லை, வேண்டுமானால் அந்தக் கம்பெனியில் கேட்டுப் பார்க்கலாம். இப்போது ஆறு வருடமாக முதியோர் பகல் இல்லத்து மினி பஸ் ஓட்டுகிறான். காலையில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை ஏற்றி வருவான், மாலையில் கொண்டுபோய் விடுவான். யாராவது இறங்கும் முன், தன் காலை முதலில் தரையில் ஊன்றிப் பார்ப்பான். தரை இரவோடு இரவாக இடம் மாறியிருக்கும் என்று சந்தேகப்படுபவன் போல.

குளிர் விட்டு, மரமெல்லாம் பூத்த முதல் வாரத்தில், பெரியவர்களை ஒருநாள் பூந்தோட்டங்களுக்கும் அதை ஒட்டிய காட்டுக் குளங்களுக்கும் அழைத்துப் போக இல்லத்தில் ஏற்பாடு செய்தார்கள். கூடப் போக வேண்டிய நர்ஸுக்குக் காய்ச்சல். "அக்கா, நீ வர்றியா? தனியா பதினாலு பேரை என்னால பார்த்துக்க முடியாது" என்று தம்பி கேட்டான். இரண்டு நாள் முன்பிருந்தே அவனுக்குத் தூக்கமில்லை.

ஆளுக்கொரு காகிதச் சீட்டு குத்திவிடுவதாக இல்லத்தில் சொன்னார்கள். காகிதம் கிழிந்து விழும் என்றேன். நாலு விரல் அகலத்தில் பதினாலு மஞ்சள் துணி வெட்டி, இல்லத்துத் தொலைபேசி எண்ணைத் தைத்து, ஒவ்வொருவர் ஸ்வெட்டரிலும் இடது தோளில் இரட்டைத் தையல் போட்டேன். அன்று முழுக்க ஒரு துணிகூடப் பிரியவில்லை. எல்லாக் கேடும் அங்கேதான் வந்தது.

போகிற வழியெல்லாம் ஒரே சிரிப்பு. டிரைவர் இருக்கைக்கு நேர் பின்னால் ஓய்வு பெற்ற தபால்காரர் உட்கார்ந்திருந்தார். எண்பத்தொரு வயது. நினைவு வரும், போகும். ஆனால் வண்டி எந்தத் தெருவில் போனாலும் வாசல் எண்களைச் சத்தமாக வாசிப்பார். "பதினேழு... பத்தொன்பது... இருபத்தொண்ணு..."

"ரிட்டயர் ஆகி இருபது வருஷம் ஆச்சு, இன்னும் சுமக்கிறீரே! பையை எறக்கி வையும்" என்றார் பக்கத்தில் இருந்த டீச்சரம்மா.

"உங்க வீட்டுக் கடிதத்தை மட்டும் எறக்கிடவா டீச்சர்?"

"எனக்கு எவன் எழுதப் போறான்!"

முதல் தோட்டத்தில் மஞ்சளும் ஊதாவுமாகப் பாத்தி பாத்தியாகப் பூ. இரண்டாவதில் தலைக்கு மேலே வெள்ளைப் பூங்கொத்துகள். நடந்தால் தோளெல்லாம் இதழ் விழுந்தது. பெரியவர்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். தம்பி ஒரு பூவையும் பார்க்கவில்லை. வேர் தட்டும் இடம், ஈரக் கல், தேனீ, இவற்றைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

காட்டுக்குள் ஆறு குளங்கள். ஒவ்வொன்றின் கரையிலும் எண் எழுதிய மரக்கம்பம். முதல் குளம் வரைக்கும்தான் எங்கள் ஆட்களால் நடக்க முடியும். அங்கே பெஞ்சுகளில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டோம். தம்பி தண்ணீருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் நின்றபடியே சாப்பிட்டான்.

"உட்காரேன்டா" என்றேன்.

"நான் உட்கார்ந்தா யாராவது எழுந்திருப்பாங்கக்கா."

மூன்று மணிக்குக் கழிவறைக்கு அழைத்துப் போய், மூன்றே காலுக்கு வண்டியில் ஏற்றினோம். தம்பி பின்பக்கம் சக்கர நாற்காலிகளை மடக்கி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் முன்னால் நின்று எண்ணினேன். பதினாலு மஞ்சள்.

"சரியா இருக்கு, எடு."

"இரு, நானும் ஒருதரம் சீட்டு சீட்டாப் பார்த்துடறேன்."

"என் எண்ணிக்கையில சந்தேகமா உனக்கு? பொத்தான் எண்ணியே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு. எடுடா வண்டியை."

அக்கா சொன்னால் அவன் தட்டமாட்டான். வண்டியை எடுத்தான்.

காட்டுச் சாலை முடிந்து வீடுகள் வரத் தொடங்கின. இரண்டு தெரு தாண்டியிருப்போம். வண்டி மெதுவாகி, ஓரமாக நின்றது. தம்பி திரும்பவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "அக்கா, நம்பர் சத்தம் கேட்கலையே" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் இருந்த இருக்கை காலி. டீச்சரம்மாவின் இடது தோளில் என் மஞ்சள் துணி. வலது பக்கம் இன்னொரு மஞ்சள். தபால்காரருடைய ஸ்வெட்டரைப் போர்வை போலப் போட்டுக்கொண்டிருந்தார்.

"குளிருதுன்னேன், கழட்டிக் குடுத்தார். ஏறினாரா இல்லையான்னு நான் பார்க்கலையேம்மா..." என்றார்.

நான் ஆட்களை எண்ணவில்லை. துணியை எண்ணியிருந்தேன்.

தம்பி வண்டியைத் திருப்பினான். அவசரத்திலும் சந்திப்பில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் திரும்பினான். அவன் பின்கழுத்தில் வியர்வை வழிந்து சட்டைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாசலில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் பெண்ணிடம், "நீங்க வந்து வண்டிக் கதவுகிட்ட உட்காருங்கம்மா. யாரையும் எறங்க விடாதீங்க. பதிமூணு பேர்" என்று கும்பிட்டுக் கேட்டான். அந்தப் பெண் உடனே கூண்டை மூடிவிட்டு வந்தாள். "நோட்டீஸ் ஒரு கத்தை வாங்கிட்டு உள்ளே போனாரே ஒரு பெரியவர், அவரா? உங்க ஆளுங்க இன்னும் உள்ளே இருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள். தோட்டத்தின் படம் போட்ட நோட்டீஸ் அது. இலவசம்.

நாங்கள் இருவரும் ஓடினோம். முதல் குளத்தில் பெஞ்சுகள் காலி. தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. காலையில் அழகாகத் தெரிந்த அதே தண்ணீர்தான். கூப்பிட்டுப் பயனில்லை, அவருக்குக் காது மந்தம்.

"எந்தப் பக்கம் போறது?" என்றேன்.

தம்பி கம்பத்தைக் காட்டினான். ஒன்று என்ற எண்ணுக்குக் கீழே, மரத்தின் வெடிப்பில், மூன்றாக மடித்த நோட்டீஸ் ஒன்று செருகியிருந்தது.

"டெலிவரி பண்ணிட்டுப் போறார்க்கா."

இரண்டாம் கம்பத்திலும் நோட்டீஸ். மூன்றிலும். பாதை குறுகிக்கொண்டே வந்தது. ஓரமெல்லாம் சேறு. நான்காம் கம்பத்தில் தாள் ஈரமாக இருந்தது. நனைந்த விரல் பட்ட ஈரம்.

ஐந்தாம் குளம் நிரம்பிக் கரையை மீறியிருந்தது. கம்பம் தண்ணீருக்குள், கரையிலிருந்து பத்து அடி தள்ளி நின்றது. அதில் நோட்டீஸ் இருந்தது. கரையில் சேற்றில் புதைந்து ஒரு செருப்பு. ஒன்றுதான்.

"உள்ளே போயிருக்கார்" என்றான் தம்பி. அவன் உதடு வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். நாற்பது வருடத்துக்கு முன் சுவரைப் பிடித்த அதே பிடி.

"நான் எறங்கறேன்டா. தப்பு என்னுது" என்றேன்.

"உனக்கு முழங்கால் மடங்காது. நில்லு. பேசிக்கிட்டே இரு அக்கா, நிறுத்தாதே. உன் சத்தம் கேட்கணும் எனக்கு."

"என்னத்தைடா பேசறது?"

"எதையாவது!"

மரத்தை விட்டான். இறங்கினான். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அவன் சட்டை அளவு மட்டும்தான் வாயில் வந்தது. "தோள் பதினேழரை... கை இருபத்துநாலு... மார்பு முப்பத்தெட்டு..." தண்ணீர் அவன் முழங்காலைத் தாண்டியது. இடுப்புக்கு வந்தது. பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கரைக்குக் கேட்டது. குனிந்து, தாடை தண்ணீரில் படப் படக் கையால் அடியைத் துழாவினான். "கழுத்து பதினஞ்சரை... உயரம் இருபத்தொன்பது..." ஏதோ கையில் பட்டு அலறினான். மரக்கிளை. அதை விட்டுவிட்டு மறுபடி குனிந்தான். கம்பத்தைச் சுற்றி ஒரு சுற்று. அப்புறம் இன்னும் பெரிய சுற்று. அளவுகள் தீர்ந்து, மறுபடி தோளிலிருந்து ஆரம்பித்தேன். என்னை மறந்து அழுதுகொண்டிருந்தேன்.

"இங்கே இல்லக்கா" என்றான். சொல்லிவிட்டு எதிர்க்கரையைப் பார்த்தவன், அப்படியே நின்றான்.

அந்தப் பக்கம் ஆறாம் குளம். ஒரு பெரிய மரம் சாய்ந்து தண்ணீருக்கு மேலே கிடந்தது. அதன் மேல், பாதி தூரத்தில், இடுப்பு வரை நனைந்து, ஒற்றைச் செருப்போடு தபால்காரர் நின்றிருந்தார். கையில் கடைசி நோட்டீஸ். எட்டாத தூரத்தில் இருந்த கம்பத்தை நோக்கி உடம்பை நீட்டிக்கொண்டிருந்தார்.

நான் கத்தப் போனேன். தம்பி கையைக் காட்டி அடக்கினான். கரையேறி, தண்ணீர் சொட்டச் சொட்ட, அவர் பார்வை படும்படி எதிரே போய் நின்றான். முகத்தில் ஒரு சிரிப்பை எப்படியோ கொண்டுவந்தான்.

"என்ன ஐயா, ஆறாம் நம்பருக்கா? நம்ம வீடுதான் அது. எனக்குத்தான் கடிதம்" என்று சத்தமாகக் கேட்டான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், யாரும் வரலையே."

"கொல்லைப்பக்கம் இருந்தேங்க. வாங்க, இங்கே குடுங்க."

"கையெழுத்து வேணும்."

"போடறேன். அப்படியே உட்கார்ந்து, மெதுவா நகர்ந்து வாங்க. அவசரமே இல்லை."

அவர் உட்கார்ந்தார். மரத்தின் மேல் நகர்ந்து வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. அன்று நான் மணி பார்க்காத ஒரே நேரம் அதுதான். கைக்கெட்டும் தூரம் வந்ததும் தம்பி அவரை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டான். விடவே இல்லை. "கையெழுத்து" என்று அவர் மறுபடி கேட்டார். ஈர விரலால் அவர் உள்ளங்கையில் தன் பெயரை எழுதினான். கோணல் மாணலாக, முழுப் பெயரையும் எழுதினான்.

வண்டிக்குத் திரும்பியதும் அவரைத் துடைத்து, இருந்த துணியெல்லாம் சுற்றினோம். டீச்சரம்மா ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "லூசு மனுஷன்" என்று திட்டித் திட்டி அழுதார். தம்பி போனை எடுத்தான்.

"யாருக்குடா?"

"அவர் பொண்ணுக்கு."

"ஒண்ணும் ஆகலையே. நேர்ல போய்ச் சொல்லிக்கலாம். வேலை போயிடும்டா."

"ஆயிருந்தா சொல்லியிருப்போம்ல? அதே மாதிரி சொல்றேன்."

சொன்னான். துணியை எண்ணிய அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. "வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும்மா. பார்க்கலை. அப்பா குளத்துக்குள்ளே இறங்கிட்டார். இப்போ நல்லா இருக்கார். நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்." நான் போனைப் பிடுங்கி, "எண்ணினது நான்தாம்மா, இவன் இல்லை" என்றேன். அவள், "அப்பாகிட்ட குடுங்க" என்றாள்.

"ஆறு வீடும் ஆச்சும்மா. ஒண்ணுகூடத் திரும்பி வரலை" என்றார் அவர்.

போன் மறுபடி தம்பியிடம் வந்தது. அவர் மகள் அவனைத் திட்டினாள், எனக்கும் கேட்டது. அவன் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று கேட்டுக்கொண்டான். கடைசியில் அவள், "ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன். பார்த்து ஓட்டுங்க" என்றாள்.

சாவியைப் போட்டான். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. வலது கால் பிரேக்கின் மேல் தையல் மிஷின் போல ஆடிக்கொண்டிருந்தது.

"கால் நிக்கட்டும். நின்ன பிறகுதான் எடுப்பேன். யாரும் தப்பா நெனைக்காதீங்க" என்றான், கண்ணாடியைப் பார்த்து.

"நாங்க எங்கேயும் ஓடிப் போகலை தம்பி" என்றார் டீச்சரம்மா.

பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பதினாறு பேர். பிறகு அவன் மெதுவாக வண்டியை நகர்த்தினான்.