பதினெட்டாம் கட்டிலின் பால்

எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு தரைத்தளத்தில் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் அறை மூன்றாம் மாடியில். தாய் கீழே, பிள்ளை மேலே. இப்படியொரு கட்டடத்துக்குப் படம் போட்டுக் கொடுத்த புண்ணியவான் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். வயிற்றில் தையலோடு ஒருத்தி எழுபத்திரண்டு படி ஏற வேண்டும். லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும்தான். ஏறி வந்தாலும் உட்கார ஒரு நாற்காலி கிடையாது, பத்து நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான். சுவரில் மட்டும் ‘தாய்ப்பாலே முதல் மருந்து’ என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மூன்றாம் மாடியில் நான் நர்ஸ்.

வெந்நீர் அக்கா கீழ்த்தளத்து ஆயா. தரை துடைப்பதும் கழிப்பறை கழுவுவதும் அழுக்குத் துணி அள்ளுவதும் அவர் வேலை. பால் கட்டிக்கொண்டு வலியில் துடிக்கும் பெண்களுக்கு வெந்நீரில் துணியைப் பிழிந்து ஒத்தடம் கொடுப்பார், அதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இந்த வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, பால் கொடுக்கும் முறை பற்றி எங்களுக்கு மூன்று நாள் வகுப்பெடுத்தார். காலுறையைச் சுருட்டி மார்பு மாதிரி செய்து காட்டினார். நர்சுகள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், பாதி நேரம் தூங்கி வழிந்தோம். அக்கா மூன்று நாளும் அந்த ஒரே அறையைத் துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். உருப்படியாகக் கற்றுக்கொண்டது அவர் ஒருவர்தான்.

“ஏன்க்கா இப்படி மெனக்கெடுறீங்க?” என்று ஒரு தரம் கேட்டேன்.

“என் மூத்தவளுக்குப் பால் பத்தாதுன்னு இதே வார்டுல புட்டிய வாயில வெச்சுட்டாங்க சிஸ்டர். பத்தே நாள்ல எனக்கு வத்திப்போச்சு. அன்னைக்கு யாராவது கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருந்தா போதும். எவளுக்கு நேரம் இருந்துச்சு?” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

போன வருஷம் ஒரு தையல்காரப் பெண் வந்தாள். முதல் பிரசவம், ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. பையன் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுத்தான் அவனுக்குப் பால் கொடுக்க வேண்டும். தாய்ப்பால் கிடைத்தால் தேறிவிடுவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கோ முதல் நாள் சொட்டுக்கூட வரவில்லை. அன்று சாயங்காலம் காய்ச்சலும் வந்து படிக்கட்டுப் பக்கமே போகக்கூடாது என்றாகிவிட்டது.

“எனக்கு வராதுக்கா, விட்டுடுங்க” என்று அக்காவிடம் அழுதாளாம்.

“நாள் பூரா மெஷின் ஓட்டுற கைதானே இது? இதுக்குப் போய் மலைச்சுப்போயிட்டியே. இங்க விரலை வை, அமுக்கு, விடு. அவசரப்படாத. இது உன் கஸ்டமர் ஜாக்கெட் இல்ல” என்றாராம் அக்கா.

அவள் அழுகையோடு சிரித்தாளாம். மறுநாள் மதியம் புட்டியின் அடியில் அரை ஸ்பூன் தேறியது. அக்கா அதைக் கையில் பொத்திக்கொண்டு எழுபத்திரண்டு படியும் ஓடி வந்தார். ஆயாக்கள் எங்கள் அறைக்குள் வரக்கூடாது. வெளியே நடையில் இருக்கும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

எங்களுக்கு நோயாளிக்குப் பெயர் கிடையாது. “ஒன்பதுக்கு ஊசி போட்டாச்சா, பன்னிரண்டு வீட்டுக்குப் போகுது” என்றுதான் பேச்சு. பால் புட்டியிலும் பிளாஸ்திரி ஒட்டிக் கட்டில் எண்ணை எழுதுவார்கள். தையல்காரப் பெண் வந்தபோது அவள் ஒன்பதாம் கட்டில், எங்கள் பட்டியலிலும் பையன் ஒன்பதின் குழந்தை. காய்ச்சல் வந்ததும் அவளைப் பதினெட்டுக்கு மாற்றினார்கள். அக்கா புட்டியில் பதினெட்டு என்று சரியாகத்தான் எழுதினார். மேலே வந்து பட்டியலை மாற்றச் சொல்லி ஒருத்தரும் சொல்லவில்லை.

பதினெட்டின் குழந்தை என்று எங்களிடம் யாரும் இல்லை. கேட்பாரில்லாத பாலை மறுநாள் காலையில் கொட்டிவிட வேண்டும், அது விதி. கொட்டியது நான். ஐந்து நாள். நாளுக்கு நாள் புட்டியில் அளவு ஏறிக்கொண்டே வந்தது. ‘யாரோ கொடுத்துவைத்தவள்’ என்று நினைத்துக்கொண்டே ஊற்றினேன். பையனுக்கு டப்பாப் பாலைக் கரைத்துக் குழாயில் விட்டதும் நான்தான். “இந்த ஒன்பது ஒரு சொட்டு அனுப்ப மாட்டேங்குது, என்ன தாயோ” என்று வாய் கூசாமல் பேசியும் இருக்கிறேன். கீழே போய் ஒரு வார்த்தை கேட்க எனக்கு என்ன கேடு?

பால் வரத் தொடங்கிய ஆறாம் நாள் காலை பையனுக்கு வயிறு உப்பிவிட்டது. பாலை நிறுத்தச் சொன்னார் டாக்டர். நான் நடையில் நின்று பழைய புட்டிகளைக் கொட்டிக்கொண்டிருந்தபோது அக்கா புதுப் புட்டியோடு வந்தார்.

“ஐயையோ, அது பதினெட்டு பாலாச்சே! ஏன் சிஸ்டர் கொட்டுறீங்க?”

“பதினெட்டுக்குத்தான் இங்க குழந்தையே இல்லையேக்கா.”

“தையக்காரப் பொண்ணு சிஸ்டர்! ஒம்போதுலேருந்து மாத்துனாங்களே!”

அக்கா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

“அஞ்சு நாளுமா?”

தலையாட்டினேன்.

“தெனமும் அவகிட்டப் போய், குடிச்சுட்டான்டி, குடிச்சுட்டான்டின்னு சொன்னேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பையன் மறுநாள் மதியம் செத்துப்போனான். எடை ரொம்பக் குறைவு, குடலில் கிருமி, தாய்ப்பால் குடித்திருந்தாலும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம். குடித்திருந்தால் வருவது குறைவு என்று அந்த வகுப்பில் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது.

நானும் அக்காவோடு கீழே போனேன். பதினெட்டாம் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புருஷன். செய்தியை அவர்களுக்கு முன்பே சொல்லியாகிவிட்டது. பால் சுரந்து அவள் மேல்துணி இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. அழவில்லை.

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. நான் குடுத்தத அவன் குடிச்சானா?”

அக்கா என்னைப் பார்த்தார்.

“குடிச்சான்மா. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல” என்றேன் நான்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா? மிச்சமே வைக்கலையாம்.” அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தலையணைக்குப் பக்கத்திலிருந்து ஒரு புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது.

“காலைல எடுத்தது சிஸ்டர். வேற ஏதாவது புள்ளைக்குக் குடுத்துடுங்க.”

சரி என்று வாங்கிக்கொண்டேன். ஒருத்தி பாலைச் சோதித்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க எங்கள் ஆஸ்பத்திரியில் வசதி இல்லை. இருவரும் வார்டுக் கடைசியிலிருந்த தொட்டிவரை வந்தோம். மூடியைத் திறந்தேன், கை வரவில்லை. புட்டியை அக்காவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

“நீங்களே ஊத்துங்க சிஸ்டர்” என்றார். “உங்களுக்குப் பழக்கந்தானே.”