பொட்டு வைத்த புரொஜெக்டர்

எண்பதுகளின் கடைசியில் திருமுல்லைவாயிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், நுண்ணோக்கி ஒன்று. வெங்காயத் தோலைக் காட்ட வரிசையில் நிறுத்தினால் இருபத்தைந்தாவது பிள்ளை குனியும்போது மணி அடித்துவிடும். மீதிப் பதினேழு பேர், எப்போதும் கடைசி பெஞ்சுக்காரர்கள், வெங்காயத்தைச் சாம்பாரில் மட்டுமே பார்த்தவர்கள்.

அவர்களுக்காகத்தான் ஸ்லைடு புரொஜெக்டர் கேட்டேன். மூன்று வருடம் கேட்டேன். கடைசியில் பெற்றோர் சங்கம் சம்மதித்தது. மவுண்ட் ரோடு கடைக்காரர் இரண்டு கொண்டுவந்து வைத்து, போட்டுப் பாருங்கள், வேண்டாததைத் திருப்பிவிடுங்கள் என்று சொல்லிப் போனார். பெரியது கல்யாண மண்டபத்துக்கு ஆனது, தூரத்தில் வைத்தால்தான் படம் விரியும். என் பதினெட்டு அடி அறையில் அதன் படம் தோளில் போடும் துண்டு அகலம்தான் விழுந்தது. சின்னது சுவர் நிறையக் காட்டியது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தலைமையாசிரியர் யோசித்தார். சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் ஆவடித் தொழிற்சாலையில் ராணுவ டாங்கி செய்கிறவர்கள். எடை இல்லாத எதையும் இயந்திரமென்று ஒப்புக்கொள்ளாதவர்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது அவர் கவலை. பேசிப் பேசி அரை மனதாக ஒத்துக்கொள்ள வைத்தேன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. சின்னதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று பீரோவில் வைத்துப் பூட்டி, பூட்டை நான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், பியூன் கண்ணில் பட்ட எதையும் விட்டுவைக்கவில்லை. மணிக்குப் பொட்டு, சைக்ளோஸ்டைல் மெஷினுக்குப் பொட்டு, எலும்புக்கூட்டின் நெற்றியில் சந்தனத்தோடு பொட்டு. மேஜைமேல் இருந்த பெரிய புரொஜெக்டருக்கு மாலையே போட்டிருந்தார்.

துடைத்துத் திருப்பி அனுப்பலாம் என்றேன்.

"இன்னா சார் பேசறே? பூசை போட்ட பொருளு. அத்த வெளிய குட்த்தா இஸ்கோலுக்கு ஆவுமா?" என்றார் பியூன்.

தலைமையாசிரியர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சரஸ்வதியே தேர்ந்தெடுத்த பிறகு சங்கத்துக்கு இவர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? பொட்டில்லாத சின்னது மறுநாளே மவுண்ட் ரோடு போய்ச் சேர்ந்தது.

இனிப் படம் பெரிதாக வேண்டுமானால் புரொஜெக்டர் தள்ளிப்போக வேண்டும். வராந்தாவில் வைத்தேன், போதவில்லை. வராந்தாவையும் தாண்டி எதிர் வகுப்பின் வாசலுக்குள் வைத்தேன். அது தமிழாசிரியரின் வகுப்பு. அவரைக் கேட்காமலே அவருடைய ஜன்னல்களையும் சாத்திவிட்டு, வெங்காயத் தோல் ஸ்லைடைப் போட்டேன். இரண்டு கதவும் திறந்திருந்ததால், தண்ணீர் குடிக்கப் போன ஒவ்வொருவனும் வெங்காயத்தின் குறுக்கே நடந்து போனான். ஆனாலும் சுவர் நிறையச் செல்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். தலைகளை எண்ணினேன்: நாற்பத்திரண்டும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

மணி அடித்ததும் தமிழாசிரியர் வந்தார். சண்டைக்குத் தயாரானேன்.

"எங்க பசங்களுக்கு இன்னிக்குச் செய்யுள் நடக்கல சார்," என்றார். "நாளைக்கும் வெங்காயந்தானா, இல்ல வேற காய் ஏதாச்சும் உண்டா?"