பனி எங்கே போனது

இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்த பிறகு ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு. இயற்பியல் விரிவுரையாளர் வேலை. தேர்வுக்குழுவின் முன் பத்து நிமிடம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி. எவரும் எடுக்காத பாடமாக எடுப்போம் என்று, அண்டத்தின் முதல் விண்மீன் திரள்களைப் பிடித்துக்கொண்டேன்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம், எங்கள் வீட்டை அடுத்த ஜவ்வரிசி ஆலையின் உலர்களத்தில், எழுதிய தாளோடு விடியலில் நடந்தபடி ஒப்பித்தேன். அங்கே என்னோடு எட்டாவது வரை படித்தவள் காயப்போட வேண்டிய ஈர ஜவ்வரிசிக் கூடைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பனி.

"ஆதியில் எங்கும் ஹைட்ரஜன் வாயு, மூடுபனிபோல் ஒளியை விழுங்கிக்கொண்டு. முதல் திரள்கள் ஒளிர்ந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் மூட்டத்தில் ஓட்டை விழுந்தது. ஓட்டைகள் அகன்று, கலந்து, வெளி திறந்தது. வாயு போய்விட்டது."

சொல்லும்போதே எங்கள் பனியிலும் ஓட்டை விழுந்தது. ஒரு தென்னை, ஒரு புகைபோக்கி, பிறகு மலை.

"பனி போயிருச்சல்ல? கூடையக் கொட்டு புள்ள" என்றேன்.

"ஏனுங் டீச்சரம்மா, எங்க போச்சு? பஸ்ஸேறிப் போயிருச்சா?" என்று சிரித்தாள். "கண்ணுக்குத் தெரியிலீன்னா இல்லீன்னு ஆயிருமா? ஈரம் இங்கதான் நிக்குது. இப்பக் கொட்டுனா மணியெல்லாம் ஒட்டிக்கும்."

நின்றுவிட்டேன். வாயுவும் எங்கும் போகவில்லையே! திரள்களின் ஒளி அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்தது. பிய்ந்த வாயு அங்கேயேதான் இருந்தது, ஒளிக்கு வழி விட்டுக்கொண்டு. கடைசி வரியை அடித்து எழுதினேன்.

குழுவின் முன் அப்படியே சொன்னேன். தலைவர் கேட்டார்:

"இது சிலபஸ்ல எங்கம்மா இருக்குது?"

"இல்லீங்க."

ஓம் விதியை எடுத்தவருக்கே வேலை என்பது வாசலைத் தாண்டுமுன் தெரிந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பின்னாலேயே ஓடி வந்தார், குழுவில் வாயே திறக்காமல் இருந்த வேதியியல்காரர்.

"ஏனுங்கம்மா, பிஞ்ச எலக்ட்ரான் மறுபடி ஒட்டிக்காதுங்களா?"

"ஒட்டுமுங்க. ஒட்ட ஒட்ட வெளிச்சம் பிச்சுக்கிட்டே இருக்கோணும்."

"அத்தன வெளிச்சம் அந்தத் திரளுககிட்ட இருந்துச்சுங்களா?"

"அதுதானுங்க இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல."

நான் போக வேண்டிய ராசிபுரம் பஸ் வந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். நான் ஏறவில்லை.