எண்ணெய் வேண்டாம், தோல் வேண்டாம்

என் மகள் ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சீட்டுக்கான பயிற்சியும் அங்கேயேதான். மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் போய்ப் பார்க்கலாம். மற்ற வாரங்களில் விடுதி போனிலிருந்து அவளே கூப்பிடுவாள். வார்டன் பக்கத்தில் நிற்பார், பின்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் இரைச்சல் கேட்கும், நாம் கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அப்படி ஒரு ஞாயிறு சாயங்காலம் அவள் சொன்னாள்:

"அம்மா, அடுத்த வாரம் பாக்க வாரப்ப ஓவன்ல வெச்ச சிக்கன் கொண்டாம்மா. எண்ணெய் வேண்டாம். தோல் வேண்டாம். குழம்பு கிழம்பு எதுவும் வேண்டாம். தொட்டுக்க வெள்ளையா ஒரு டிப் இருக்குமே, அது மட்டும் ஒரு டப்பால தனியா."

"ஏஞ்சாமி, உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று நான் கேட்டபோது போன் அடுத்த பிள்ளையின் கைக்குப் போயிருந்தது.

நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோழி வறுத்து இறக்கினால் அந்த வாணலியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டித் தின்கிற பெண் அவள். தோலுக்காக அப்பாவோடு மல்லுக்கு நிற்பவள். அவளுக்கு எண்ணெய் வேண்டாமாம், தோல் வேண்டாமாம். பேசியது என் மகள்தானா என்றே ஒரு நிமிடம் சந்தேகமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் சேலத்தில் லாரி டயர்களுக்கு ரப்பர் ஒட்டிப் புதுப்பிக்கிற கடை வைத்திருக்கிறார். எதையும் பதறாமல் கேட்கிற மனிதர். அவரே முகம் மாறிவிட்டார்.

"மஞ்சக்காமாலையா இருக்குமோ? எண்ணெய் ஆகாதுன்னு அதுக்குத்தான சொல்லுவாங்க?"

"ஏனுங்க, மஞ்சக்காமாலைக்காரி கோழி கேப்பாளா? கீழாநெல்லியில்ல கேப்பா?"

"அப்ப யாராச்சும் குண்டுன்னு சொல்லீருப்பாங்க."

அவள் குண்டா? போன மாதம் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. வயிற்றுப்புண்ணாக இருக்குமோ என்று நான் நினைத்தேன். சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாளோ, சொல்லப் பயப்படுகிறாளோ என்று அடுத்து நினைத்தேன். விடுதிக்கு நாமாகப் போன் செய்து கேட்டால் "பொண்ணு நல்லா இருக்கறாங்க" என்று ஒரே பதில்தான் எப்போதும் வரும். அதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாதவர்கள் மாதிரி. நேரில் பார்க்கும்வரை வேறு வழியில்லை, கேட்டதைச் செய்து எடுத்துக்கொண்டு போவோம் என்று தீர்மானித்தேன்.

எங்கள் வீட்டில் ஓவன் இருந்தது. பழைய மிக்ஸியைக் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் வாங்கியது. வாங்கிய புதிதில் ஒரு கேக் செய்தேன், நடுவில் குழி விழுந்தது. அதன்பிறகு அதற்குள் முறுக்கு டப்பாதான் குடியிருந்தது. அதைக் காலி செய்து, துடைத்து, போனில் ஒரு பெண் செய்துகாட்டிய வீடியோவைப் பார்த்தேன். அவள் சமையலறையில் ஒரு கரித்துணிகூட இல்லை. எடுத்த எடுப்பில் வெறும் ஓவனைச் சூடு பண்ணச் சொன்னாள். உள்ளே ஒன்றுமே வைக்காமல் எதற்குக் கரண்டைக் கொட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் செய்தேன்.

பெற்ற பிள்ளைக்குச் செய்வதென்றால் பிராய்லரா வாங்குவார்கள்? நாட்டுக்கோழிதான் வாங்கினேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர் கோழியை வாட்டி, மஞ்சள் தடவி, தோலோடு பளபளவென்று வெட்டிக் கொடுப்பதில் பேர் எடுத்தவர். தோலை உரித்துவிடுங்கள் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க்கா, நாட்டுக்கோழில தோல எடுத்துட்டா அப்புறம் அதுல என்னங்க இருக்குது?"

"எனக்குந் தெரியலீங்க. பாப்பா கேக்குறா."

துக்க வீட்டில் நிற்பவர் மாதிரி உரித்தார். உரித்த தோலைத் தனியாக ஒரு கவரில் போட்டு, "எதுக்கும் வெச்சுக்கங்க்கா" என்று கறியோடு சேர்த்துக் கொடுத்தார்.

அந்தக் கோழி ஓவனுக்குள் போய், மேலே கறுத்து, உள்ளே கயிறு கயிறாகத் திரிந்து வந்தது. குக்கரில் விசில் விட்டே பழக்கப்பட்ட ஜாதி அது, வெறும் அனலில் எப்படி வேகும்? எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு துண்டைப் பல்லில் கடித்துக் கையால் இழுத்தார். அது நீண்டது, விட்டதும் திரும்பிப் போனது.

"புள்ள, இத எங்கடைக்குக் குடுத்தீன்னா டயருக்கு ஒட்டிப்போடுவேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாட்டுக்கோழியை இப்படிப் பாழாக்கியவள் எங்கள் வம்சத்தில் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிராய்லர் தொடைத்துண்டுகள் வாங்கினேன். தோல் இல்லாமல்தான். தயிர், பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச்சாறு, உப்பு எல்லாம் போட்டுப் பிசறினேன். பிசறி முடித்தபோது பார்க்கிறேன், என் கை தன்பாட்டுக்கு எண்ணெய்ச் சட்டியை எடுத்து ஒரு கரண்டி ஊற்றி முடித்திருந்தது. இத்தனை வருடமாகக் கோழியும் எண்ணெயும் என் கைக்கு ஒரே வேலை. மூளை வேண்டாம் என்றால் கை கேட்குமா? அதோடு, குழிவான தட்டில் வைத்தேனா, கறியில் இருந்த தண்ணீர் எல்லாம் இறங்கி, கோழி அதில் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தது. இது குழம்பும் இல்லை, வறுவலும் இல்லை. காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற பதம். ஒருவேளை என் மகள் இதைத்தான் கேட்கிறாளோ, அவளுக்கு உண்மையிலேயே காய்ச்சலோ என்று அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் குழம்பினேன்.

சனிக்கிழமைதான் பிடிபட்டது. கறியைத் தயிரில் நன்றாக ஊறவிட வேண்டும், எடுத்து மேல் ஈரத்தை ஒற்றிவிட வேண்டும். ரஸ்க்கைப் பொடித்து, அதில் துண்டுகளைப் புரட்டி, தட்டில் வைக்காமல் கம்பி வலைமேல் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும், சொட்டுவது கீழ்த்தட்டில் சொட்டட்டும். மூடக்கூடாது, அடிக்கடி திறந்து பார்க்கவும் கூடாது. பாதி வெந்ததும் ஒரே ஒருமுறை திருப்ப வேண்டும். அப்படிச் செய்தபோது மேலே பொன்னிறமாக மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று வந்தது. சொட்டு எண்ணெய் இல்லை. ஆனால் வீட்டில் எண்ணெயில் கோழி வறுபடுகிற வாசம் இல்லை. பக்கத்து வீட்டம்மா "இன்னைக்கு என்ன, கோழியா?" என்று கேட்கவில்லை. நன்றாக வந்திருக்கிறதா, இல்லை ஏமாந்துவிட்டேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

டிப் அதைவிடக் கூத்து. கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் நசுக்கிய பூண்டு, பொடியாக அரிந்த மல்லித்தழை, பச்சைமிளகாய், கொஞ்சம் தேன், உப்பு சேர்த்துக் கலக்கினேன். ருசி பார்க்கச் சொல்லிக் கிண்ணத்தை என் வீட்டுக்காரர் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மோர்க்குழம்பு நல்லாத்தான் இருக்குது. ஆனா எதுக்குப் புள்ள இத்தன கெட்டியா?"

ஞாயிறு காலை மறுபடியும் ஒரு முறை செய்து, சூட்டோடு எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினோம். டப்பாவை மூடினால் வேர்த்து, மேலே ஒட்டிய ரஸ்க்தூள் ஊறிப்போகும். ராசிபுரம்வரை திறந்த டப்பாவை மடியில் வைத்து மேலே ஒரு மெல்லிய துணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏதாவது நோய் என்றால் இன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பரீட்சைக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. கூட்டி வந்துவிட்டால் இத்தனை நாள் படிப்பு என்னாவது என்றும் ஓடியது.

பார்க்கும் ஞாயிறு அன்று அந்தப் பள்ளிக்கூட மைதானம் குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு நடக்கிற மாதிரி இருக்கும். வேப்பமரங்களுக்குக் கீழே பாய் விரித்து, ஒவ்வொரு குடும்பமும் அடுக்குக் கேரியரைத் திறந்து பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். பிரியாணி ஒரு மரத்தடியில், கறிக்குழம்பு ஒரு மரத்தடியில். என் மகள் ரெட்டைச் சடையோடு வேகமாக நடந்து வந்தாள். நான் கட்டிப்பிடிக்கவில்லை. முதல் வேலையாக அவள் முகத்தை வெயில் பக்கம் திருப்பி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன்.

"என்னம்மா பண்ற? எல்லாரும் பாக்கறாங்க!"

மஞ்சள் இல்லை. நெற்றி சுடவில்லை. வயிறு வலிக்கிறதா, வாந்தி வருகிறதா, தலைக்குக் குளித்தது எப்போது என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாக, நல்லாத்தான் இருக்கறேன் என்றாள். ஆனால் கண்ணுக்குக் கீழே கரியை ஈஷியது மாதிரி இருந்தது. உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து, டிப்பில் தொட்டுக் கடித்தாள். கண்ணை மூடி மென்றாள்.

"சூப்பர்மா. அப்படியே அவங்கம்மா செஞ்சாப்லயே இருக்குது."

"எவங்கம்மா?"

"எங்க செக்சன்ல பர்ஸ்ட் வாரவ. அவளுக்கு எப்பவும் இதுதான் கொண்டாருவாங்க. எண்ணெய்ச் சோறு தின்னா தூக்கம் வருமாம். இன்னைக்கு ரெண்டு மணிக்கு டெஸ்ட் இருக்குதுல்ல."

"நாங்க வார நாள்லயுமா டெஸ்ட்டு?"

"எப்பவும் வெப்பாங்கம்மா. போன மாசம் நீ கொண்டாந்த வறுவலும் சோறுமா நல்லாத் தின்னுபோட்டுப் போயி, பரீட்சை ஹால்லயே தூங்கீட்டேன். பாதி கேள்வி போயிருச்சு. எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நிக்கச் சொல்லீட்டாங்க."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் லேட் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். நோய் இல்லை என்று நான் சாமிக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. விடிய எழுந்து, மசாலா அரைத்து, இவள் வயிறு நிறைய வேண்டும் என்று நான் செய்து கொண்டுவந்த சாப்பாடு இவளைத் தலைகுனிந்து நிற்க வைத்திருக்கிறது. அதற்காக இந்தப் பிள்ளை நாக்கையே மாற்றிக்கொண்டிருக்கிறாள். இதற்குப் பெருமைப்படுவதா? பொறுப்பான பிள்ளை என்று ஊரில் சொல்லலாம்தான். டாக்டர் ஆக வேண்டும் என்று முதலில் சொன்னது அவளா, நாங்களா என்று யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவரைக் கேட்கலாம் என்று திரும்பினால், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்டுக்கு வாரியா சாமி?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியாது. கூட்டிப் போகும் தைரியம் எனக்கு இருந்ததா என்பதும் தெரியாது.

"போம்மா, டெஸ்ட் இருக்குதுங்கறேன்" என்று சிரித்தாள். இன்னும் இரண்டு துண்டு தின்றாள். வேதியியலில் ஏதோ ஒரு பாடத்தைப் பற்றி அப்பாவிடம் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே என் தோளில் சாய்ந்தாள். வார்த்தை நடுவில் நின்றது. குனிந்து பார்த்தால் தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, விரலில் டிப் ஒட்டியிருந்தது. சொட்டு எண்ணெய் இல்லாத கோழிதான். நான் கையடித்துச் சொல்வேன்.

மெதுவாக மடியில் சாய்த்துக்கொண்டேன். கனமே இல்லை.

மணி அடித்தது. மரத்தடிகளில் இருந்து பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடினார்கள். அவர் என் பக்கம் குனிந்தார்.

"எழுப்பு புள்ள. நேரமாச்சு. திட்டப்போறாங்க."

எழுப்பத்தான் கையைக் கொண்டுபோனேன். அந்தக் கை அவள் காதைப் பொத்திக்கொண்டது. அவர் என்னையே பார்த்தார். மைதானம் காலியாகிக்கொண்டிருந்தது. எங்கள் மரத்தைப் பார்த்து வார்டன் அம்மா நடந்து வந்தார். என் வீட்டுக்காரர் எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, அவரைப் பாதி வழியிலேயே நிறுத்தப் போனார்.

மடியில் அவள் அசைந்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மணி அடிச்சுருச்சாம்மா?"

"இல்ல சாமி. இன்னும் நேரம் கெடக்குது, தூங்கு."

மறுபேச்சுப் பேசாமல் நம்பிவிட்டாள்.