கத்தரிக்குப் போன தண்ணீர்

துபாயில் வேலைக்குச் சேரவிருந்த தங்கை மகன் அன்வரை விமானம் ஏற்றிவிட, கல்லலிலிருந்து திருச்சிக்குக் காரில் கிளம்பினோம். காரைக்குடியைத் தொடும் முன்பே இன்ஜின் சூடேறியது. நிறுத்திப் பார்த்தேன். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் ரப்பர் குழாய்களை இணைக்கும் பிளாஸ்டிக் துண்டு, தொட்டதும் அப்பளமாக நொறுங்கியது.

என் காரை நானே பழுது பார்ப்பவன், அதனால் பதறவில்லை. அதே தடிமனில் ஓர் இரும்புக் குழல் இருந்தால் போதும்.

"பிளைட்டை விட்டா வேலை போயிரும் மாமா," என்றான் அன்வர்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் ஹோஸ் பிடித்துக் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஹோஸின் இரு துண்டுகளை நடுவே இணைத்திருந்தது அப்படியொரு இரும்புக் குழல்தான்.

"எங்குட்டு போறீக?" என்று கேட்டவர், விஷயம் தெரிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு அதைக் கழற்றினார்.

"உங்க ஹோஸ் ஒழுகுமேம்மா?"

"எனக்கு ஒழுகுனா கத்தரிக்குத்தான் போகும். உங்களுக்கு ஒழுகுனா இந்தப் பிள்ளை பொழப்புல்ல போகும்."

இன்ஜின் ஆறியதும் குழலைச் செருகி, கிளிப்பை இறுக்கி, அவர் குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். திருச்சி வரை ஒரு சொட்டும் கசியவில்லை.

மறுநாள் புதுக் குழலோடு போனேன். அவருடைய ஹோஸில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது, தண்ணீர் நாலு பக்கமும் பீய்ச்சியது.

"பிள்ளை ஏறிருச்சா?" என்றுதான் கேட்டார்.

"ஏறிட்டான்மா," என்று சொல்லிப் புதுக் குழலை நானே மாட்டிக் கொடுத்தேன். இப்போது என் டிக்கியில் எப்போதும் ஒரு துண்டு இரும்புக் குழல் கிடக்கிறது. என் காருக்கு அது தேவையில்லை.