அழுமூஞ்சி வெளிச்சம்

எங்கள் வீட்டில் முப்பது வருடமாக நடந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். பல்பு வெள்ளையாக இருக்க வேண்டுமா, மஞ்சளாகவா என்ற சண்டை. மற்ற சண்டைகள் வந்தன, போயின. இது மட்டும் எங்களோடு குடித்தனம் நடத்தியது.

நான் வெள்ளைக் கட்சி. நாற்பது வாட் குண்டு பல்பின் கீழே படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். டியூப்லைட் என்றால்தான் எனக்கு வெளிச்சம். இங்கே அமெரிக்காக்காரன் என்னடா என்றால், இத்தனை பெரிய வீட்டைக் கட்டி அறை அறையாக மஞ்சள் பல்பை மாட்டி வைக்கிறான். சுகர் லேண்ட் என்கிற இந்த ஊரில் வீட்டின் சாவி கைக்கு வந்த வாரமே ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டு, அட்டையில் 'டேலைட்' என்று போட்டிருந்த வெள்ளை பல்புகளை மாட்டினேன். மனைவி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டே திட்டினாள்.

"ஏங்க, இது வீடா, மெடிக்கல் ஷாப்பா?"

"அழுமூஞ்சி வெளிச்சத்துல உக்காந்து என்ன பண்ணப் போற? இதுல பாரு, அரிசியில கல்லு கிடந்தாக்கூடத் தெரியும்."

"இங்க அரிசியில ஏதுங்க கல்லு?"

அடுத்த அறைக்கு ஏணியை நகர்த்தினேன். கடைசியில் அவளுக்காக நான் விட்டுக்கொடுத்தது பூஜை அலமாரிக்குள் இருந்த ஒரு சின்ன மஞ்சள் பல்பு மட்டும்தான். அதுவும் அந்த மாதிரி வெள்ளையில் கிடைக்கவில்லை என்பதால்.

அவளுக்கு நோய் வந்தபோது மகள் வேலை கிடைத்து ஆலன் என்ற ஊருக்குப் போய்விட்டிருந்தாள். இங்கிருந்து நாலு மணி நேர டிரைவ். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். கீமோவுக்கு மறுநாள் அவளுக்கு ஒரு ஊசி போட வேண்டும். அது எங்கள் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும், சூடு பட்டால் வீணாகிவிடும். எங்கள் பக்கத்தில் புயல் என்றால் கரென்ட் நாள் கணக்கில் போகும். அப்படிப் போனால் ஊசிக்கு என்ன செய்வது என்று நர்ஸ் ஒருநாள் சும்மா கேட்டார். அன்று பிடித்தது எனக்குப் பேட்டரிப் பைத்தியம்.

எண்ணெய்க் கம்பெனியில் எந்த பம்புக்கு எந்த மோட்டார் என்று தேர்ந்தெடுப்பது என் வேலை. ஆகவே பேட்டரியையும் அப்படியே பிடித்தேன். ஜெனரேட்டர் வேண்டாம், புகையும் சத்தமும் அவளுக்கு ஆகாது. உருட்டிக்கொண்டு போகக்கூடிய பேட்டரிப் பெட்டிதான். ஃப்ரிட்ஜ் மோட்டார் கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும், ஓடும்போது எவ்வளவு இழுக்கும், கூடவே ஒரு ஃபேன், இரண்டு போன், வைஃபை என்று எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டேன். தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு பிராண்டைச் சொல்ல, ஒவ்வொருவரோடும் வாட் வாட்டாக வாதாடினேன். வெளிப்படையாகவே சொல்கிறேன். அவள் உடம்புக்காக என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் இரண்டு வரி படித்ததும் மூடி வைத்துவிடுவேன். பேட்டரி பற்றி என்றால் விடியவிடியப் படிப்பேன்.

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னை இருபது நிமிஷத்துல ஓகே பண்ணீங்க. ஒரு பேட்டரிக்கு நாலு மாசமா?" என்று கேட்டாள்.

"உன்னைப் பத்தி ரிவ்யூ எதுவும் இல்லியே, என்ன பண்றது?"

சிரித்தாள். அப்புறம் சொன்னாள். "என்ன வேணா வாங்குங்க. லைட்டு மட்டும் மஞ்சளா வாங்குங்க. கேக்கறது அது ஒண்ணுதான்."

பெட்டியோடு சேர்த்து ஒரு எமர்ஜென்ஸி விளக்கும் வாங்குவதாக இருந்தேன். பார்த்தேன். அதே கம்பெனி, அதே அளவு, வெள்ளையில் வெளிச்சம் அதிகம், மஞ்சளில் குறைவு. குறைந்ததை எவனாவது வாங்குவானா? வெள்ளையை வாங்கினேன். பெட்டி வந்து பிரித்தபோது அவள் விளக்கின் அட்டையைத் திருப்பிப் படித்தாள். அப்படியே மேஜையில் வைத்தாள்.

அந்த ஜூலையில் புயல் வந்தது. விடியற்காலையில் காற்று, காலை ஒன்பது மணிக்குள் தெரு முழுக்கக் கரென்ட் இல்லை. பின்வீட்டு ஓக் மரக்கிளை எங்கள் வேலி மேல் கிடந்தது. நான் பேட்டரியை உருட்டிக்கொண்டு வந்து ஃப்ரிட்ஜைச் சொருகினேன். ஃப்ரிட்ஜ் கிளம்பியது. போட்ட கணக்கு அப்படியே சரியாக வந்தது. சோபாவில் படுத்திருந்த அவளுக்குப் பக்கத்தில் ஃபேனை வைத்தேன். மழை விட்டதும் கொல்லையில் சோலார் தகட்டை விரித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். ஊசி ஜில்லென்று பத்திரமாக இருந்தது. அன்று முழுக்க எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பொழுது சாய்ந்தது. விளக்கை நடு மேஜையில் வைத்து ஆன் செய்தேன். சமையலறை வரைக்கும் பளிச்சென்று ஆனது.

"எப்படி?" என்றேன், அவளுக்கு எதிரே உட்கார்ந்து.

தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தாள். முடி போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆஃப் பண்ணிடுங்க."

"கண்ணு கூசுதா? குறைச்சு வைக்கறேன்."

குறைத்தேன். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அப்போதும் அந்த நீலம் பூத்த வெள்ளை போகவில்லை.

"வேணாங்க. ஆஃப் பண்ணிடுங்க. ப்ளீஸ்."

கொல்லைக் கதவின் கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே குழி, வெளுத்த உதடு, புருவம் இல்லாத நெற்றி. அதைத்தான் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கே பார்க்க முடியவில்லை, அவளுக்கு எப்படி இருக்கும்? அணைத்துவிட்டேன்.

மெழுகுவர்த்தி வாசனை அவளுக்கு வயிற்றைப் புரட்டும். விளக்கில் எரியும் எண்ணெய் வாசனையும் அப்படித்தான், கீமோ தொடங்கியதிலிருந்து வீட்டில் குத்துவிளக்குகூட ஏற்றவில்லை. போன் டார்ச்சும் அதே வெள்ளை. ஆகவே மூன்று மாலைகள் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். ஃபேன் ஓடும் சத்தம், பேட்டரியின் முகப்பில் மினுங்கும் சின்ன எண்கள், அவ்வளவுதான். அவள் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டிருப்பேன். நிறையப் பேசினாள். மகள் கிண்டர்கார்ட்டனில் தயிர்சாத டப்பாவை மறைத்துவைத்துச் சாப்பிட்டதை, எனக்கு வந்த முதல் லே-ஆஃப் கடிதத்தை நான் இரண்டு நாள் காரிலேயே வைத்திருந்ததை. ஒருமுறை சத்தமாகக்கூடச் சிரித்தாள். சிரிக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இருட்டு எனக்கும் வசதியாகவே இருந்தது. அழலாம், சத்தம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் நாள், சிக்னல் கிடைத்த ஐந்து நிமிடத்தில், மஞ்சள் விளக்கு ஒன்றை ஆர்டர் செய்தேன். வாதாடவில்லை, ஒப்பிடவில்லை, முதலில் வந்ததை அழுத்தினேன். நான்காம் நாள் கரென்ட் வந்தது. அன்றே மகளும் ஆலனிலிருந்து ஐஸ் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். விளக்கு அதற்கு மறு வாரம்தான் வந்தது.

அழகான விளக்கு. கைப்பிடி வைத்து, மேலே துணி போர்த்தின மாதிரி ஒரு மூடி. அவள் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போட்டுப் பாக்கலாங்க."

"மொதல்ல ஃபுல் சார்ஜ் ஏத்தணும். மேனுவல்ல போட்டிருக்கு."

ஏற்றினேன். ஏற்றி, ஹால் அலமாரியின் கீழ்த் தட்டில், பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அடுத்த தடவை கரென்ட் போகும்போது கைக்கு எட்டும்படி.

அந்த வருடம் அப்புறம் கரென்ட் போகவே இல்லை.

தீபாவளி வந்தது. தமிழ்ச் சங்க விழாவுக்குப் போக அவளுக்குத் தெம்பில்லை. மாலை சோபாவில் சாய்ந்துகொண்டு, "அந்த மஞ்ச லைட்டைக் கொஞ்சம் எடுங்களேன்" என்றாள்.

"கரென்ட்தான் இருக்கே, அது எதுக்கு இப்ப? சார்ஜ் தீர்ந்துடும்."

சொன்னது நான்தான். இந்த வாயால்தான் சொன்னேன். அவள் "சரி" என்றாள். மறுபடி கேட்கவில்லை.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அந்த அறையில் சீலிங் பூராவும் வெள்ளை விளக்கு. கடைசி இரண்டு நாள் கண்ணை அதிகம் திறக்கவில்லை. நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதாவது திறப்பாள், என்னைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள். மருந்து மயக்கம் என்று நர்ஸ் சொன்னார்.

மே மாதம் மகள் ஒரு வாரம் லீவு போட்டு வந்தாள், அம்மாவின் புடவைகளை எடுத்துவைக்க. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் எனக்கு இங்கிலீஷில் பதில் வரும். ஆனால் அம்மாவிடம் மட்டும் தமிழ்தான். இங்கிலீஷில் பேசினால் அம்மாவுக்குக் காதே கேட்காமல் போய்விடும், அதனால்.

வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் இடிமழை. வானம் இருண்டு, வீட்டுக்குள் பட்டென்று கரென்ட் போயிற்று. படுக்கையறையில் புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவள் "அப்பா, லைட்!" என்று குரல் கொடுத்தாள்.

அலமாரியைத் திறந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேனுவல்படி சார்ஜ் ஏற்றிவந்திருக்கிறேன், அவள் போன பிறகும். மஞ்சள் விளக்கை எடுத்துப்போய்க் கட்டிலில் வைத்து ஆன் செய்தேன். பட்டுப்புடவைகள் எல்லாம் ஒரு மாதிரி உயிர் வந்து கிடந்தன. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதடு கோணியது.

"இஸ் திஸ் த லைட் அம்மா வான்டட்?"

"ஆமா. அன்னிக்குப் புயல்ல அந்த வெள்ளை லைட்டுல அவ மூஞ்சியை அவளாலயே பாக்க முடியலம்மா. கண்ணாடியில தெரிஞ்சுது. அதான் வாங்கினேன்."

மகள் தலையை ஆட்டினாள். "நோ, அப்பா. தட்ஸ் நாட் த ரீசன்."

"பின்ன?"

கையிலிருந்த புடவையை மடியில் வைத்தாள். பிறகு தமிழுக்கு மாறினாள். அம்மாவின் தமிழ், அதே இழுப்பு.

"நான் ஐஸ் எடுத்துட்டு வந்தேனே, அன்னிக்குச் சொன்னாங்க. 'அப்பா எதிர்ல உக்காந்து என்னையே பாக்கறாருடி. இருட்டுல ஒண்ணும் தெரியல, நல்லாப் பேசறாரு, கிண்டல் பண்றாரு. அந்த வெள்ளை லைட்டைப் போட்டா அவர் மூஞ்சி அப்படியே தெரியுது. அதைப் பாத்தா நான் ஏற்கனவே செத்துட்ட மாதிரி இருக்கு'ன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாங்க. நீங்க வருத்தப்படுவீங்களாம்."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் பார்க்க முடியாமல் திருப்பிக்கொண்டது என் முகத்திலிருந்து. மூன்று மாலைகள் அவள் என்னை இருட்டில் வைத்திருந்தது, நான் பயப்படுவதைப் பார்க்காமல் இருக்க. ஆஸ்பத்திரியில் நான் இரண்டு நாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், அத்தனை வெள்ளை விளக்குக்கும் கீழே, அவள் கண் திறந்தபோதெல்லாம் அந்த முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே இடி உருண்டது. எனக்கு வேறொன்றும் அப்போதுதான் உறைத்தது. விளக்கு ஆகஸ்ட்டுக்கு முன்பே வந்துவிட்டது. அவள் ஜனவரி வரை இருந்தாள். சோபாவிலிருந்து அந்த அலமாரிக்குப் பத்து அடி இருக்காது. அதை ஏற்றக் கரென்ட் போக வேண்டும் என்று யார் சொன்னது? வீட்டு ஸ்விட்சை எல்லாம் நானே அணைத்துவிட்டு, எந்த மாலையில் வேண்டுமானாலும் இதை ஏற்றிவைத்து அவள் எதிரே உட்கார்ந்திருக்கலாம். அவள் கேட்கவும் கேட்டாள். ஐயோ, கேட்டாளே.

"எப்படி இருக்கு என் மூஞ்சி, இதுல?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் நன்றாகப் பார்த்தாள். "அழற மாதிரி இருக்குப்பா," என்றாள். "பட், இட்ஸ் ஓகே. உங்களை மாதிரிதான் இருக்கு."

மழை குறைவதற்குள் கரென்ட் வந்துவிட்டது. சீலிங் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன, நான் ஏணி போட்டு மாட்டியவை. மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். நான் எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து, விளக்குக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

மகள் ஒரு புடவையை மடித்து ஓரமாக வைத்தாள். "கரென்ட்தான் வந்துடுச்சே அப்பா," என்றாள். "சார்ஜ் தீர்ந்துடும்."

"தீரட்டும்," என்றேன்.