லைட், மீடியம், ஹெவி: ஒரு லாரி சுவிட்சோடு பட்ட பாடு

லாரி எலெக்ட்ரீஷியனுக்கு உள்ள பெரிய கஷ்டம் என்னவென்றால், மெக்கானிக் கழற்றிக் காட்டும் உடைந்த பல்சக்கரத்தை எல்லோரும் நம்புவார்கள். வயருக்குள் கரண்ட் வரவில்லை என்று நாம் சொன்னால் நம் முகத்தைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வயர் தேடிய சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வடசேரியில் நான் ஷெட் போட்டிருந்த காலத்தில், 2010-க்கு அப்புறம் வந்த டீசல் லாரிகள் சிலவற்றில் ஒரு திருகு சுவிட்ச் வைத்தார்கள். காலி வண்டிக்கு லைட், பாதி லோடுக்கு மீடியம், முழு லோடுக்கு ஹெவி. திருப்புவதற்கு ஏற்ப வண்டியின் கம்ப்யூட்டர் இழுவையைக் கூட்டும், குறைக்கும். லைட்டில் ஓடினால் டீசல் மிச்சம். விஷயம் இவ்வளவுதான். இதற்குத்தான் என் தலைமுடியில் பாதி போனது.

மூன்றாவது ஆள்

தங்கமணி என்ற டிரைவர் ஒரு டிப்பரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "அண்ணாச்சி, சுவிட்ச மூணுல வச்சாதான் வண்டி ஏறுகு. ஒண்ணுலயும் ரெண்டுலயும் இழுக்கவே மாட்டேங்கு" என்றார். என்ன லோடு என்று கேட்டேன். எப்போதும் முழு லோடு ஜல்லிதானாம். "பின்ன எதுக்கு ஒண்ணுலயும் ரெண்டுலயும் வைக்கிய?" என்றேன். "நான் ஒத்தைக்குப் போனா ஒண்ணு. கிளீனரும் உண்டும்னா ரெண்டு. அப்படித்தானே?"

சுவிட்சின் மேல் ஒரு பெட்டி, இரண்டு பெட்டி, மூன்று பெட்டி என்று படம் போட்டிருக்கும். மனுஷன் அதை உள்ளே உட்காரும் ஆள் கணக்கு என்று நினைத்துவிட்டார். அதனால் மார்த்தாண்டம் பக்கம் ஏற்றம் வருவதற்கு முன்னால், பஸ்ஸுக்கு நிற்கும் யாரையாவது கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார். சுவிட்சை மூன்றில் திருப்புவார். வண்டி சிங்கம் மாதிரி ஏறும். மேலே போனதும் ஆளை இறக்கிவிடுவார். ஒருநாள் யாருமே கிடைக்காமல், எதிர்த்திசையில் போக வேண்டிய ஒரு வாத்தியாரைச் சாயா வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சி ஏற்றியிருக்கிறார். பெட்டி என்றால் லோடு என்று நான் சொல்லி முடித்ததும் சுவிட்சை ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்பம் இதுவரைக்கும் நான் ஏத்தின ஆளுவ எல்லாம் சும்மாவா வந்தானுவ?"

ஒரு சுவிட்ச், இரண்டு எஜமான்

செல்லத்துரை என்ற லாரி முதலாளிக்கு அவருடைய டிரைவர்மேல் நம்பிக்கை இல்லை. "பய எப்பவும் ஹெவில போட்டு டீசலைக் குடிக்க விடுகான். சுவிட்ச லைட்டுலயே அசையாம ஆக்கித் தாரும்" என்றார். ஆக்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் டிரைவர் தனியாக வந்தார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. முழு லோடு கல்லோடு ஏற்றத்தில் வண்டி நின்று, பின்னால் உருண்டு, ஒரு ஸ்கூல் வேனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது. அதைக் கேட்டபின் நேரே வண்டிக்குள் ஏறினேன். சீட்டுக்கு அடியில் ரகசியமாக இன்னொரு சுவிட்ச் வைத்து ஹெவிக்கு வயர் இழுத்துக் கொடுத்தேன். தர்மமா அதர்மமா என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து செல்லத்துரை மூன்று லாரி முதலாளிகளைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார். அவர்கள் வண்டிகளையும் லைட்டிலேயே பூட்ட வேண்டுமாம். டிரைவர் பின்னால் நின்று தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். செல்லத்துரை என் முதுகில் தட்டிச் சொன்னார்: "ஓட்டத் தெரிஞ்சவனுக்கு லைட்டே போரும் கேட்டீரா, நான் திட்டுன திட்டுல பய ஓட்டப் படிச்சிட்டான்!"

பிலோமினா அக்காவின் லாரி

கடியப்பட்டணம் பிலோமினா அக்கா மீன் வியாபாரி. சொந்த லாரி, சம்பளத்துக்கு ஒரு டிரைவர். விடிவதற்குள் மீன் கேரளாவில் ஏலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த லாரி திடீரென்று மூன்று நிலையிலும் ஒரே மாதிரி ஊர்ந்தது. மீன் நேரத்துக்குப் போகாமல், ஒரு லோடு சாளை முழுக்கக் கருவாட்டுக்குப் போனது.

முதல் நாள் புது சுவிட்ச் போட்டேன். மாற்றமில்லை. இரண்டாம் நாள் உப்புத் தண்ணீர் பட்டுப் பச்சை பிடித்திருந்த கனெக்டர்களைச் சுரண்டி, எர்த் வயரையே புதிதாகப் போட்டேன். மாற்றமில்லை. மூன்றாம் நாள் நெய்மீனும் ஐஸுமாக லோடு ஏற்றிய வண்டியோடு அக்காவே வந்துவிட்டார். ஐஸ் உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் மறுபடியும் கேபினுக்குள் மல்லாந்து படுத்து, கம்ப்யூட்டர்தான் போயிருக்கும், வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"எழும்பும் வேய்" என்றார் அக்கா. எழுந்தேன். என் தலை இருந்த இடத்தில், வீட்டு வாசலில் போடுகிற மாதிரி தடித்த கயிற்று மிதியடி ஒன்று கிடந்தது. கால் சுடுகிறது என்று டிரைவர் போட்டது. ஆக்சிலேட்டர் மிதி பாதி தூரம் போய் அதில் முட்டிக்கொண்டு நின்றது. பாதி மிதித்தால் ஹெவியாவது லைட்டாவது! மூன்று நாளும் அந்த மிதியடியைத்தான் நான் தலையணையாக வைத்துப் படுத்திருந்தேன். அக்கா அதை உருவி வெளியே எறிந்தார். டிரைவர் ஒரு மிதி மிதித்தார், வண்டி பாய்ந்தது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தும்போது அக்கா சொன்னார்: "மூணு நாளா கம்பியப் பாத்தீரே, வண்டி ஓட்டுகவனுக்குக் காலு உண்டுன்னு பாத்தீரா?"

தலைகீழ்

அடுத்த குற்றம் முழுக்க என்னுடையது. குமரேசன் சொந்தமாக லாரி வைத்து ஏத்தன் வாழைக்குலை லோடு அடிக்கிறவர். அவர் அழுத்தித் திருகி உடைத்த சுவிட்சை மாற்றும்போது இரண்டு வயரை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஹெவியில் வைத்தால் லைட், லைட்டில் வைத்தால் ஹெவி. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஃபோன் வந்தது. முழு லோடோடு ஏற்றத்தின் நடுவில் வண்டி நிற்கிறது, பின்னால் ஒரு கல்யாண பஸ், பஸ்ஸுக்குள் மாப்பிள்ளை, முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி நேரம். கேட்ட உடனேயே என்ன செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் அந்த மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்றே யோசனை.

போய்ப் பார்த்தால் ரோடு காலி. குமரேசன் ஏற்றத்துக்கு மேலே வண்டியை நிறுத்திவிட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் சுவிட்சைப் பிடித்துக் கண்டபடி திருகினாராம். லைட்டுக்கு வந்ததும் வண்டி ஏறிவிட்டதாம். தப்பு என்னுடையதுதான், ஐந்து நிமிஷத்தில் சரியாக்கித் தருகிறேன் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "வேண்டாம் மக்கா, இப்பந்தான் எனக்குக் கை படிஞ்சிருக்கு, நீ சரியாக்கி என்னையக் குழப்பாத!"

இத்தனை வருஷத்தில் என் ஷெட்டுக்கு வந்த சுவிட்சுகளில் தானாகக் கெட்டுப்போனது என்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை என்றாலும், தயவுசெய்து இதை லாரிக்காரர்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், நமக்கு வேறு தொழில் தெரியாது.